பாப்பாவுக்கு வந்த மாமன் சீர்

எங்கள் தொழிலில் நோயாளி வாய் திறந்து பேசமாட்டார். அந்தக் குறை தெரியாமல் இருக்க அவரோடு நாலு பேர் வந்து பேசுவார்கள்.

நாகர்கோவில் வடசேரியில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். காய்ச்சல், சொறி, கால் முறிவு எல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. படித்ததை வைத்துச் சமாளித்துவிடுவேன். ஆனால் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டாக்டரே, இதுக்கு ஒரு ஈத்துக் குட்டி எடுத்துட்டுப் பொறவு ஆப்ரேசன் பண்ணலாமா, இல்ல இப்பமே பண்ணிரலாமா?" என்று தொடங்கினால் கதவு எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். இது நாயைப் பற்றிய கேள்வி என்று நம்பிப் பதில் சொன்னால் தொலைந்தோம். அந்தக் கேள்விக்குள் மாமியார் இருப்பார், பங்காளி இருப்பார், குவைத்திலிருக்கும் மூத்த மகன் இருப்பார். கால்நடை மருத்துவர்களே, கால்நடை மருத்துவர்களைக் கட்டிக்கொண்டவர்களே, நாய் வளர்ப்பவருக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நாம் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் கடி வாங்கியவர்கள்தானே.

எட்டுப் பேர் சொல்லி வச்சிருக்காவ

ரூபி டீச்சர் இராஜாக்கமங்கலத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய வெள்ளைச் சடைநாய் ஜூலிக்குக் குட்டி போடாமலிருக்க ஆப்ரேஷன் செய்துவிடலாம் என்றேன். டீச்சர் என்னை ஏதோ கொலைகாரியைப் போலப் பார்த்தார். "பொண்ணாப் பொறந்த ஒரு ஜீவன் ஒரு பேறாவது பெறாண்டாமா டாக்டரே?" என்றார். நாய்க்கு அப்படி ஏக்கமெல்லாம் கிடையாது, ஒரு தடவை குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்பதும் சும்மா சொல்வது என்று விளக்கினேன். "குட்டிக்கு எட்டுப் பேர் இப்பமே சொல்லி வச்சிருக்காவ" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

ஜூலி ஒன்பது போட்டது. கணக்கு டீச்சருக்கு அன்றைக்குத்தான் கணக்குத் தப்பத் தொடங்கியது. சொல்லி வைத்த எட்டுப் பேரில் ஒருவருக்குத் திடீரென்று இழுப்பு வந்தது. ஒருவர் மகளுக்குப் பேறுகாலம். ஒருவர் வாடகை வீடு மாறுகிறார். மற்றவர்களின் போன் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டீச்சர் வீட்டுத் தென்னைக்கு உரம் வைக்க வந்தவர், மீட்டர் பார்க்க வந்தவர், வழி கேட்க வந்தவர் என்று வாசலை மிதித்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. அப்படியும் மீந்த குட்டிகளை ஒரு சிப்ஸ் அட்டைப்பெட்டியில் போட்டு என் கிளினிக்கில் கொண்டுவந்து இறக்கினார். சர்ச்சில் யாரும் கேட்கவில்லையா என்றேன். டீச்சர் விசிறிக்கொண்டே சொன்னார்: "காணிக்கைப் பையை நீட்டுனாக்கூட எங்க ஆளுக இம்புட்டு வேகமா வெளியே போவமாட்டாவ டாக்டரே. நான் குட்டியை நீட்டுனேன், கோவில் காலியாப் போச்சு."

மெதுவாக அவிழ்த்தது

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பெண்குட்டியை அடுத்த தெரு நீலா அக்கா எடுத்துக்கொண்டார். கணவர் இல்லை, ஒரே மகள் பெங்களூரில். குட்டிக்குப் பாப்பா என்று பெயர் வைத்தார். அடுத்த வாரம் பூதப்பாண்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்து, வயல்காவலுக்கு வேண்டும் என்று ஒரு ஆண்குட்டியைக் கேட்டார். பெயர் பூதலிங்கம். அறுபதைத் தொடும் வயது, தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. அந்தக் குட்டி துரை ஆனது.

தடுப்பூசி நாளில் வாசல் பெஞ்சில் ஒரு முனையில் நீலா அக்காவும் மறுமுனையில் பூதலிங்கம் அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தெருவைப் பார்த்தபடி, ஒருவர் சுவரைப் பார்த்தபடி. யாரோ எவரோ என்று நினைத்தேன். குட்டிகளுக்கு அந்த வீம்பு இல்லை. ஒன்றையொன்று கண்டதும் பாய்ந்து, பெஞ்சைச் சுற்றி ஓடி, இரண்டு சங்கிலிகளையும் நாலு கால்களில் சுற்றிவிட்டன. எழுந்து நின்ற இருவரும் ஒரே கட்டில் கட்டிய கரும்புபோல ஒட்டிக்கொண்டு தள்ளாடினார்கள். "அண்ணே, விழுந்துராதே!" என்று நீலா அக்கா வாயிலிருந்து வந்துவிட்டது. "நீ மொதல்ல அந்தக் காலை எடு பிள்ளே" என்றார் அவர். ஸ்டெல்லா ஓடிப்போய்க் குனிந்தாள். ஸ்டெல்லா என் கிளினிக்கின் கம்பவுண்டர், நாய் பிடிப்பவள், சமாதானத் தூதர் எல்லாம். அன்றைக்கு அவள் அவிழ்த்த வேகத்தில் ஒரு நத்தை நாகராஜா கோவிலைச் சுற்றி வந்திருக்கும்.

அவர்கள் போனபிறகு விவரம் சொன்னாள். இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தங்கை. அண்ணன் மகனுக்குத்தான் தங்கை மகள் என்று தொட்டிலிலேயே பேசி வைத்தது. பெண் பெங்களூரில் கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். அண்ணாச்சி அந்தக் கல்யாணத்துக்கு மாமன் சீர் கொண்டுபோகவில்லை. அன்றிலிருந்து தங்கை வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் பேசிப் பார்த்தும் நடக்காத காரியம் அது. "சங்கிலியை அவுக்க எனக்கு ஒரு நிமிசம் போதும் டாக்டரே" என்றாள் ஸ்டெல்லா. "வேணும்னுதான் மெதுவா அவுத்தேன்."

உளுந்தங்களி

அதன்பிறகு அண்ணனும் தங்கையும் போனில் பேசினார்கள். நாயைப் பற்றி மட்டும். துரைக்குப் பூச்சிமருந்து கொடுத்தாச்சா, பாப்பா மீன் தின்னுகாளா, இந்த அளவுக்குத்தான். மகளைப் பற்றியும் மகனைப் பற்றியும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வருவது என்பது பேச்சிலேயே இல்லை.

பாப்பாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது நீலா அக்கா கிசுகிசுத்த குரலில் கூப்பிட்டார். "டாக்டரே, பாப்பா பெரிய மனுஷி ஆயிட்டா." பெண்நாய்க்குப் பருவம் வந்தால் கொஞ்சம் ரத்தம் படும், பயப்படாதீர்கள், மூன்று வாரம் வெளியே விடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாளே அடுத்த போன்: நாய் உளுந்தங்களி தின்னலாமா? எனக்குச் சந்தேகமாகி நேரில் போனேன். நடுவீட்டில் பித்தளைத் தாம்பாளம். அதில் உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, ஒரு சீப்பு மட்டிப்பழம், தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த சிவப்புப் பட்டு கழுத்துப்பட்டை, சரிகைக் கரையோடு. பக்கத்தில் பூதலிங்கம் அண்ணாச்சி சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். தங்கை வீட்டுப் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் கொண்டுவராமல் இருப்பாரா? அடுக்களையில் நீலா அக்கா களி கிண்டுகிறார், சிரிக்கிறார், முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். எதற்கு எது என்று அவருக்கே தெரியவில்லை. பாப்பா கழுத்துப்பட்டையைக் கழற்ற உருண்டுகொண்டிருந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் டாக்டர் புத்தி சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, இது மனுஷப் பிள்ளை மாதிரி ஒரு தடவையோடு முடியாது. நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும்" என்றேன். அவர் அதை மனதுக்குள் ஒருதரம் கூட்டிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அடுக்களைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "கொள்ளாமே, நல்லதாப் போச்சு! அப்பம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா நான் இங்க வரணும்லா."

முறை தெரியாத டாக்டர்

ஒரு மாதம் கழித்து இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்கு வந்தார்கள். அண்ணாச்சி கையில் வெற்றிலை பாக்கு. நாய்களைக் காணோம். பெரியவர்கள் பேசும் இடத்தில் அவை எதற்கு என்று விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "அடுத்த தடவை துரைக்கும் பாப்பாவுக்கும் சேத்து வச்சிரலாம்னு இருக்கோம். முறைதான். என் வீட்டுப் பையன், இவ வீட்டுப் பொண்ணு. மாமன் மகன், அத்தை மகள். மனுஷப் பிள்ளைகதான் சொன்ன சொல்லு கேக்கல்ல, இதுகளாவது கேக்கட்டும்" என்றார். நீலா அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லா சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, ரெண்டும் ரூபி டீச்சர் வீட்டு ஒரே பெட்டியில் வந்தது. ஒரே தாய், ஒரே ஈத்து. உங்களையும் அக்காவையும் மாதிரி கூடப்பிறந்த அண்ணன் தங்கச்சி" என்றேன். குட்டிகள் ஊனமாகப் பிறக்கலாம், செத்தும் பிறக்கலாம் என்றேன். நீலா அக்காவின் முகம் வாடிவிட்டது. அண்ணாச்சி அசையவில்லை. இப்படி ஒரு ஆட்சேபணை வரும் என்று வீட்டிலிருந்தே தயாராகி வந்தவர்போல இருந்தார். பொறந்த வீடு வேற, வளந்த வீடு வேற என்றார். ரத்தம் ஒன்றுதானே என்றேன். அதற்கு அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு ஊசி தெரியும் டாக்டரே, முறை தெரியல்ல. தத்துப் போன பிள்ளைக்குப் பொறந்த வீட்ல தீட்டே கிடையாது, பொறவு என்ன ரத்தம்?"

வாக்கெடுப்பு

கறாராக முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "யோசிப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். மாட்டுத் தொழுவத்தில் முழங்கை வரை கைவிட்டுக் கன்று எடுத்தவள்தான் நான். அண்ணன் தங்கை நடுவில் கையை விட மட்டும் பயம். நான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் மற்றவர்கள் சும்மா இருந்தார்களா? அதே கேள்வியோடு வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

மெர்சி அம்மாவின் லாப்ரடார் புரூனோவுக்கு ஜோடி சேர்ப்பதா, ஆப்ரேஷனா என்று குடும்ப வாட்சாப் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு அம்மா என் எதிரில் நிற்கிறார். பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து ஓட்டுப் போடுகிறார்கள். இரண்டு பேர் ஜோடி, இரண்டு பேர் ஆப்ரேஷன். ஐந்தாவது மகன் ஒரு ரோஜாப்பூ படமும் மாலை வணக்கமும் அனுப்பினான். அது எந்தக் கட்சிக்கான ஓட்டு என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. மெர்சி அம்மா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "கடல் தாண்டி இருக்கவனுக்கெல்லாம் ஓட்டு இருக்கு" என்றார். "தெனமும் பீ அள்ளுக எனக்குத்தான் ஓட்டு இல்ல."

யாருக்குக் கத்தி?

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் வேலை பார்க்கிற ஒரு தம்பதி, ஒரு ஆண்நாயும் ஒரு பெண்நாயுமாக எஸ்டேட் பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள் என்று ஜீப் பிடித்து வந்தார்கள். பெண்நாய்க்கு மட்டும் பண்ணினால் போதும் என்றார் கணவர். ஆணுக்குச் செய்வது இதைவிடச் சின்ன வேலை, வயிற்றைத் திறக்க வேண்டாம், சீக்கிரம் ஆறிவிடும் என்று விளக்கினேன். நான் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு காட்சி நடக்கும். அறையில் இருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் காலை மடக்கிக்கொள்வார்கள். ஆண்நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். அன்றும் அப்படித்தான்.

"வேண்டாம் டாக்டரே, அவன் மனசொடிஞ்சு போவான்" என்றார் கணவர், தன் குரலே உடைய. அதுவரை வாயே திறக்காமல் பெண்நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். "எங்க வீட்ல அம்மைக்கு ஆப்ரேசன், அக்காளுக்கு ஆப்ரேசன், எனக்கு ஆப்ரேசன். இப்பம் நாயிலயும் பொட்டைக்குத்தான். இவியளுக்கு அந்த மனசு எந்த இடத்துல இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க டாக்டரே."

ரெண்டாவது தடவையும்

பாப்பாவின் அடுத்த பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. இனி ஒளிய இடமில்லை. முதலில் நீலா அக்காவிடம் போய்ச் சொன்னேன்: அக்கா, இது நடக்கக்கூடாது. அவர் பாப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். "எனக்குத் தெரியும் டாக்டரே. அண்ணன் தங்கச்சின்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பல்ல. ஆனா அவன் ரெண்டாவது தடவையும் இந்த வீட்ல இருந்து முடியாதுன்னு ஒரு சொல்லு கேக்கணும். மொதல்ல என் மக சொன்னா. இப்பம் என் நாயும் சொல்லுதுன்னா அவன் தாங்குவானா?" என்றார். நீங்கள் சொல்ல வேண்டாம், பழி என்மேல் இருக்கட்டும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

துரைக்கு ஊசி போட வந்த நாளில் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தத்தும் தீட்டும் பேசவிடவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டு, "செரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் துரையைக் கூட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு அவரிடமிருந்து தங்கைக்கு ஒரு போன் கூட இல்லை.

பாப்பாவுக்குப் பருவம் வந்தது. நீலா அக்கா தானே உளுந்து வறுத்துத் திரித்துக் களி கிண்டி வைத்துவிட்டு, வாசல் கதவைச் சாத்தாமல் இருந்தாராம். தாம்பாளம் வரவில்லை. நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, ஆனாலும் நாலு நாள் சோறு இறங்கவில்லை. ரத்தம் நின்று இரண்டு மாதம் போனதும் நீலா அக்கா கிளினிக்குக்கு வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "ஆப்ரேசனுக்கு ஒரு நாள் பாத்துச் சொல்லுங்க டாக்டரே" என்றார். "இனி எங்க வீட்ல வயசுக்கு வர ஒருத்தரும் இல்ல. அவன் வரதுக்கும் ஒண்ணுமில்ல."

பையனுக்கும் சேர்த்து

ஆப்ரேஷன் நாள் காலையில் பாப்பாவை மேசையில் ஏற்றி மயக்க ஊசியைக் கையில் எடுத்திருந்தேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம். கூடவே துரையின் குரைப்பு. பாப்பா மேசையில் எழுந்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், முன்னால் கால் வைக்கும் இடத்தில் துரை, பின்னால் சணல் கயிற்றில் கட்டிய பித்தளைத் தாம்பாளம், நடுவில் பூதலிங்கம் அண்ணாச்சி. ஆப்ரேஷன் நாளையும் அதற்குப் பட்டினி போடும் விவரத்தையும் தங்கைக்குத் தெரியாமல் அவரிடம் சொல்லியிருந்தது ஸ்டெல்லா என்று பிறகு தெரிந்தது. சமாதானத் தூதர் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

அவர் தங்கை முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "எம் பையன் போன மாசம் பெங்களூருக்குப் போயிட்டு, இவ மக வீட்லதான் நாலுநாள் தங்கிச் சாப்பிட்டுட்டு வந்திருக்கான். அவிய ரெண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்ல. சிரிச்சிட்டு வந்து சொல்லுகான். நான்தான் கல்லை விழுங்கினவன் மாதிரி இருந்திருக்கேன்" என்றார். பிறகு துரையின் சங்கிலியை என் கையில் கொடுத்தார். ஆண்நாய்க்கு என்று ஒரு ஆண்பிள்ளை தானாக வந்து நிற்பதை ஸ்டெல்லா அதுவரை கண்டதில்லை. ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. "பாப்பாவுக்கு மட்டும் கத்தி வச்சா அது நியாயமில்ல டாக்டரே. போன தடவையும் பழி அம்புட்டையும் நான் பொண்ணு வீட்டு மேலதான் போட்டேன். இந்தத் தடவை பையனுக்கும் சேத்துப் பண்ணிருங்க."

பட்டினி

மயக்க மருந்து கொடுக்கும் முன் நாய் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்து ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வோம். யாரும் சரியாகக் கேட்கமாட்டார்கள். ஒரு பிஸ்கட்தானே என்பார்கள். இந்த அண்ணனும் தங்கையும் தேவைக்கு மேலேயே கேட்டிருக்கிறார்கள் என்பது மதியத்துக்குமேல்தான் தெரிந்தது. பாப்பாவுக்கு முடித்து, துரைக்கும் முடித்து, கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். துரைக்கு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். வெளியே தொப்பென்று ஒரு சத்தம்.

அண்ணாச்சி சந்தோஷத்தில் எழுந்து நின்றாராம். நின்றவர் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டார். துரை பட்டினி கிடக்கும்போது நான் எப்படி இட்லி தின்ன முடியும் என்று அவரும் முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. பூதப்பாண்டியில் இவர் இப்படியென்றால், வடசேரியில் நீலா அக்காவும் பாப்பாவுக்காகப் பச்சைத் தண்ணீர் தொடாமல் இருந்திருக்கிறார். பேச்சு வார்த்தை இல்லாத நாளிலும் இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள். உள்ளே இரண்டு பேர் மயக்கம், வெளியே ஒருவர் மயக்கம், இன்னொருவர் விழலாமா வேண்டாமா என்று ஆடிக்கொண்டு நிற்கிறார். ஒரே நேரத்தில் இத்தனை பேரைப் படுக்க வைக்க என் கிளினிக்கில் இடமில்லை. முதலில் கண் விழித்தது துரைதான். அண்ணாச்சியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஸ்டெல்லா சொன்னாள்: "நாய்க்குத்தான் பட்டினின்னு சொன்னோம் அண்ணாச்சி. மாமனுக்குச் சொல்லல்ல."

தையல் பிரித்த பிறகு

சாயங்காலம் பாப்பாவும் துரையும் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிக்கொண்டு வாசலில் தள்ளாடி நின்றன. ஒன்றையொன்று முகர்ந்து பார்க்கப் போய்க் கூம்போடு கூம்பு டொக் டொக்கென்று முட்டிக்கொண்டன. அண்ணனும் தங்கையும் அதே பெஞ்சில், இந்தத் தடவை நடுவில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, மட்டிப்பழத்தை உரித்து உரித்துத் தின்றார்கள். நாய்க்கு வந்த சீர் என்று யாரும் யோசிக்கவில்லை. எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் இரண்டு பழம் கிடைத்தது.

அண்ணாச்சி தோலைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "டாக்டரே, இனிமே பாப்பாவுக்கு அந்த ஆறு மாசத்து விசயம் வராதா?" வராது என்றேன். "அப்பம் சீர் கொண்டுவர வேண்டியதில்ல?" வேண்டியதில்லை என்றேன். அவர் துண்டு நுனியைத் திருகினார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. "பத்து நாள் கழிச்சுத் தையல் பிரிக்க வரணும்ல, அண்ணாச்சி" என்றேன். "அது செரி. அதுக்குப் பொறவு?" என்றார். "வருஷத்துக்கு ஒருதரம் வெறிநாய்க்கடி தடுப்பூசி இருக்கு." ஆறு மாதம் ஒரு வருஷமாகிவிட்ட துக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. "அதுக்கு இடையில எதுவும் இல்லியா?" என்றார். எனக்குத் தெரிந்த ஊசிகளெல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

நீலா அக்கா பழத்தோலையெல்லாம் திரட்டி எடுத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், பாப்பாவின் கூம்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "ஏன் அண்ணே, சும்மா காப்பி குடிக்க வாயேன். அதுக்கும் டாக்டரு சீட்டு எழுதித் தரணுமா?"

ஆகவே தொழில்காரச் சகோதரர்களே, குட்டி எடுக்கலாமா ஆப்ரேஷன் பண்ணலாமா என்று இப்போது யார் வந்து உட்கார்ந்தாலும், நாயின் வயதைக் கேட்பதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஸ்டெதாஸ்கோப்பையே எடுக்கிறேன்.